பதவியும் பங்கும்: அட்லாண்டா மேயர் மேனார்டு ஜாக்சன்

பிறப்பினால் மனிதரைத் தாழ்த்தும் கொடுமை நம் நாட்டில் சாதியின் பெயரால் நிகழ்வது போல, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிறத்தின் பெயரால் நிகழ்ந்தது. அம்மண்ணில் சட்டம் பயின்று, ஒரு மாநகரின் மேயராக உயர்ந்த மேனார்டு ஜாக்சனின் வரலாறு நம் இளைஞர் அறிய வேண்டிய ஒன்றாகும்.

ஜாக்சன் 1938 மார்ச் 23 அன்று டல்லாஸ் நகரில் பிறந்தார். தந்தை கிறித்தவப் போதகர். தாய் ஐரீன் பிரெஞ்சு மொழியில் முனைவர் பட்டம் பெற்றவர். அட்லாண்டா பொது நூலகம் கறுப்பினத்தார்க்கு உறுப்பினர் உரிமை மறுத்து வந்த நிலையை 1959இல் உடைத்தவர். தாய்வழிப் பாட்டனார் ஜான் வெஸ்லி டாப்ஸ் இரயில்வே அஞ்சல் எழுத்தர். தம் மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்கு அயராது உழைத்தவர். பேரன் ஏறிய படிகளை அமைத்தோர் இவர்களே.

பதினெட்டாம் வயதில், 1956இல், ஜாக்சன் மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். முதலில் சேர்ந்த சட்டக் கல்லூரியில் படிப்பு நிறைவு பெறவில்லை. கலைக்களஞ்சிய நூல்களை விற்றுச் சில காலம் வாழ்ந்தார். மீண்டும் முயன்று 1964இல் சட்டப் பட்டம் பெற்றார். 1968இல் செனட் தேர்தலில் தோற்றார்; ஆயினும் மறு ஆண்டே அட்லாண்டாவின் துணை மேயரானார். 1973இல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர் வயது 35. தென் மாநிலப் பெருநகர் ஒன்றின் முதல் கறுப்பின மேயர் அவரே.

அப்போது அந்நகர மக்களில் பாதிப் பேர் கறுப்பினத்தார். நகராட்சி ஒப்பந்தங்களிலோ அவர்தம் பங்கு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. புதிய விமான நிலையம் கட்டும் பெரும்பணி தொடங்கவிருந்த வேளையில், அதன் ஒப்பந்தங்களில் 25 விழுக்காடு சிறுபான்மையினர்க்கு உரியது என்று ஜாக்சன் வலியுறுத்தினார். பெரிய நிறுவனங்கள் கறுப்பின நிறுவனங்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென விதித்தார். வணிகர் எதிர்த்தனர், பணி தாமதமாயிற்று. அவர் தளரவில்லை. சுமார் 50 கோடி டாலர் செலவில் எழுந்த அந்நிலையம் 1980 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கட்டடத்தோடு, தொழில் அனுபவமும் மூலதனமும் பெற்ற ஒரு புதிய தலைமுறையும் எழுந்தது.

எனினும் அவர் ஆட்சியில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 1970இல் துணை மேயராக இருந்தபோது, வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர் பக்கம் நின்றவர் அவர். 1977இல் அதே தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, நகராட்சியில் பணமில்லை என்று கூறி 900க்கும் மேற்பட்டோரை வேலையினின்று நீக்கினார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தாரே. ஒப்பந்தக்காரர்க்குக் கதவு திறந்த கை, குப்பை அள்ளுவோர்க்கு மூடிற்று. துப்புரவுத் தொழிலின் துயரை வழிவழியாக அறிந்த நாம் இதனைக் கண்டும் காணாது செல்லலாகாது.

1982இல் பதவிக்காலம் முடிந்தபின், நகராட்சிகளின் கடன் பத்திரத் துறையில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1990 முதல் 1994 வரை மீண்டும் மேயராக இருந்தார். 2003 ஜூன் 23 அன்று மறைந்தார். அவ்வாண்டே அந்த விமான நிலையத்தின் பெயரில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

நம்மவர் ஒருவர் பதவியில் அமர்ந்தார் என்று மகிழ்ந்து நின்றுவிடுதல் போதாது. ஊராட்சியிலும் நகராட்சியிலும் எப்பணி யாருக்குத் தரப்படுகிறது, கடைநிலைத் தொழிலாளிக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று வரவு செலவுக் கணக்கைப் படித்துக் கேட்க வேண்டும். அங்ஙனம் கேட்பதற்குச் சட்டமும் கணக்கும் கற்றோர் வேண்டும். இளைஞர்களே, அக்கல்வியை நாடுங்கள்.