ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன், ஆனால் மேலே போக வழியில்லை: சென்னை சிட்டி எஃப்.சி.யின் 2018-19 சீசன்

தமிழ்நாட்டு கால்பந்து கிளப் ஒன்று ஐ-லீக் கோப்பையை வென்றது ஒரே ஒரு முறைதான். 2019 மார்ச் 9-ம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் அது நடந்தது. வென்ற அணி சென்னை சிட்டி எஃப்.சி. அடுத்த இரண்டு சீசன்களுக்குப் பிறகு ஐ-லீக் அணிகளின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. என்னதான் நடந்தது?

சென்னையின் அணி, கோவையில் மைதானம்

கடம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நடந்தே சென்னை நேரு ஸ்டேடியத்துக்குப் போய்விடலாம். ஆனால் அந்த மைதானம் ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி.யின் சொந்த மைதானம். சென்னை சிட்டி தன் ஆட்டங்களை ஆடியது கோவையில். கடம்பத்தூர் ரசிகர்கள் 'நம்ம ஊர் டீம்' ஆடுவதைப் பார்க்கணும்னா, தங்கள் ஸ்டேஷனை நிற்காமல் கடந்துபோகும் கோவை ரயிலை வேறு எங்காவது போய்ப் பிடிக்க வேண்டும்!

2016-17-ல் ஐ-லீக்குக்குள் வந்த இந்த அணி, முதல் இரண்டு சீசன்களிலும் பத்து அணிகளில் 8-வது இடம்தான் பிடித்தது. மூன்றாவது சீசனில் கோப்பை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எது மாறியது?

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். பெரிய பெயர்களைத் தேடி ஓடாமல், ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களை கிளப் கூட்டி வந்தது. பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ, எஸ்லாவா, கோல்கீப்பர் நவுசெட் ஆகியோர் அப்படி வந்தவர்கள்தான். கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள்.

2018 அக்டோபர் 26-ம் தேதி முதல் ஆட்டம். இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என வென்றார்கள், மான்சி ஹாட்ரிக். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல்கள். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21.

20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. 48 கோல் போட்டு 28 கோல் வாங்கியது. தடுத்து ஆடி ஜெயித்த அணி இல்லை இது, எதிரணியை விட ஒன்று கூடப் போட்டு ஜெயித்த அணி. பார்க்க ரொம்ப ஜாலியான கால்பந்து.

கடைசி நாள்

கடைசி ஆட்டத்துக்கு முன் சென்னை சிட்டி 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள். கோவையில் மினர்வா பஞ்சாப்புடன் சென்னை சிட்டி, கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால்.

3-வது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோல்களையும் போட்டவர் கௌரவ் போரா, அவர் ஒரு தடுப்பாட்டக்காரர்! முடிவு 3-1. கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலும் 2-1 என வென்றது. கோவையில் டிரா ஆகியிருந்தாலே கோப்பை கொல்கத்தா போயிருக்கும். இறுதிக் கணக்கு 43-42.

சரி, சாம்பியனுக்கு என்ன கிடைத்தது?

இங்கேதான் சிக்கல். ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் 18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டங்கள். கடைசி இரண்டு இடங்கள் நேராகக் கீழே இறங்கும். 16-வது அணி, இரண்டாம் டிவிஷனின் 3-வது அணியுடன் மோதித் தப்பிக்கணும். 1963-ல் லீக் தொடங்கியதிலிருந்து மேல்மட்டத்திலேயே இருந்த ஹாம்பர்க் அணிகூட 2018-ல் இறங்கியது. அங்கே பெயருக்கு மரியாதை கிடையாது.

இந்தியாவில் அப்போது இரண்டு லீக்குகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. இடையில் ஏணியே இல்லை. அதே 2018-19-ல், நடப்பு சாம்பியனான சென்னையின் எஃப்.சி. 18 ஆட்டங்களில் 9 புள்ளி மட்டும் எடுத்து ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம். கீழே இறங்கவில்லை. ஐ-லீக்கில் முதலிடம் பிடித்த சென்னை சிட்டி மேலே ஏறவும் இல்லை. தரத்தில் அவ்வளவு வித்தியாசமா என்று கேட்டால், ஒரே மாதத்தில் பதில் வந்தது. சூப்பர் கோப்பை காலிறுதியில் ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என வீழ்த்தியது சென்னை சிட்டி.

பிறகு?

சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியபோது நம்பிக்கை வந்தது. ஆனால் 2019-20-லிருந்து ஐ.எஸ்.எல்.லே நாட்டின் முதல் நிலை லீக் ஆனது. மான்சி ஜப்பானிய கிளப்புக்குப் போனார், எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு, ரொமாரியோ எஃப்.சி. கோவாவுக்கு. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவுடன் 2-2 டிரா, அதற்குள் கொரோனா வந்து அந்தப் போட்டியே ரத்தானது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை.

ஒரு புள்ளியில் கோப்பையைத் தவறவிட்ட ஈஸ்ட் பெங்கால், முதலீட்டாளர் கிடைத்ததும் 2020-ல் ஐ.எஸ்.எல்.லுக்குள் போய்விட்டது. ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்ற விதி அமலுக்கு வந்தது 2022-23-ல். அந்த வழியில் முதலில் ஏறிய அணி ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப். கோவையில் அந்தக் கடைசி நாளில் 3-1 என்று தோற்றுப்போன மினர்வா பஞ்சாப்தான், உரிமையாளர் மாறி, பெயர் மாறி வந்த அதே கிளப்.