பெனிசிலினுக்குப் பிறகு நடந்த கதை

தரம் 11 இல் பெனிசிலின் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், மருந்துதான் வந்துட்டுதே. பிறகு ஏன் எங்கட மூத்தவாப்பாவுக்கு ஒவ்வொரு வருஷமும் நெஞ்சுச்சளி கூடி வாட்டுல படுக்க வேண்டி வருது?"

பாடப்புத்தகம் பிளெமிங்கோடு நின்றுவிடுகிறது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

சிலருக்கு மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகும். சளி வெளியேறாமல் தேங்கும். சூடோமோனாஸ் என்ற பக்டீரியா அதற்குள் தன்னைச் சுற்றி வழுவழுப்பான படலம் கட்டிக் குடியிருக்கும். குளிசையோ ஊசியோ இரத்தத்தின் வழியாக அங்கே போய்ச் சேருவது கொஞ்சம்தான். சில மருந்துகளின் அளவைக் கூட்டினால் சிறுநீரகமும் காதும் பழுதாகும்.

மருந்தை நேரே மூச்சுக்குள் அனுப்பினால் என்ன? 1940களிலேயே பெனிசிலினைப் புகைபோல் ஆக்கி இழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் ஒழுங்கான ஆதாரம் வர நெடுங்காலம் சென்றது. 1981 இல் லண்டன் பிரொம்டன் ஆஸ்பத்திரியில் மார்கரெட் ஹொட்சன் குழுவினர் 20 நோயாளிகளுக்கு இரண்டு அன்டிபயோட்டிக்குகளை மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். வெறும் உப்புத்தண்ணீர் இழுத்த காலத்தைவிட ஆஸ்பத்திரியில் படுத்தது குறைந்தது. இவர்கள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள். ஐரோப்பிய வம்சத்தாரிடம் அது கூடுதல்.

எனக்குப் பிடித்தது கொலிஸ்டின் கதை. ஊசியாகப் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பெரும்பாலும் ஒதுக்கிவைத்த மருந்து அது. டென்மார்க் வைத்தியர்கள் அதையே மூச்சு வழியாகக் கொடுத்து, கிருமி நிரந்தரமாகக் குடியேறும் முன்பே விரட்டலாம் என்று 1991 இல் காட்டினார்கள்.

பிறகு டோப்ராமைசின். 28 நாள் மருந்து, 28 நாள் ஓய்வு. 520 பேரில் நடந்து 1999 இல் வெளியான ஆய்வில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வாய்ப்பு 26 வீதம் குறைந்தது.

மூச்சுக்குழாய் விரிந்த மற்ற நோயாளிகளுக்கோ முடிவு இன்னும் இழுபறிதான். 2024 இல் வெளியான இரண்டு கொலிஸ்டின் ஆய்வுகளில் ஒன்றில் நோய் முற்றும் தடவைகள் நன்றாகக் குறைந்தன. கொரோனாக் காலத்தில் நடந்த மற்றதில் வித்தியாசமே இல்லை.

ஒன்று சொல்லவேண்டும்: வீட்டில் மிஞ்சிய குளிசையை அரைத்து நெபுலைசரில் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். இது அதற்கென்றே தயாரித்த மருந்து. மூச்சுக்குழாய் இறுகாமல் பார்க்க, முதல் தடவை வைத்தியர் முன்னால்தான் கொடுப்பார்கள்.

அந்தப் பிள்ளையிடம், "மூத்தவாப்பாவின் சளியைச் சோதித்து என்ன கிருமி என்று பார்த்தார்களா?" என்று கேட்டேன். தெரியாதாம். அடுத்த கிளினிக்கில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.