பாடம் உண்டு, பந்தி இல்லை!

கட்டுரை படிக்கப்படும்போது உட்கார்ந்து கேட்கலாம், கரும்பலகை முன் நின்று வாதிடலாம், ஐயம் எழுப்பலாம், விடையும் கூறலாம். விருந்து மண்டபத்தின் கதவு திறந்ததும் மட்டும் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்! 1951ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், கணிதப் பேராசிரியர்கள் கூடிய அவையிலே, கறுப்பினப் பேராசிரியர்களுக்கு வழங்கப்பட்ட நீதி இது. ஆபிரகாம் லிங்கனின் நாட்டிலே, அடிமைத்தளை அறுந்து எண்பத்தாறு ஆண்டுகள் உருண்டோடிய பின்னர்!

கூடியது, கல்லூரிகளில் கணிதம் கற்பிப்போருக்கென அமைந்த அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் தென்கிழக்குக் கிளை. அதே நகரிலிருந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலிருந்து நால்வர் சென்றனர். துறைத்தலைவர் லீ லார்ச் வெள்ளையர். மற்ற மூவர் கறுப்பர். அந்த மூவருள் ஒருவர் ஈவ்லின் பாய்டு. 1949இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டம் பெற்றவர். அப்பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களுள் இரண்டாமவர். அவர் ஆய்ந்த எண்களுக்கு நிறமில்லை. அவர் உண்ணவிருந்த தட்டுக்கு இருந்தது!

சேரன்மாதேவி குருகுலத்துத் தனிப்பந்தியை அறிந்த நமக்கு இது புதுக்கதையன்று. அங்கே சாதி, இங்கே நிறம்.

லார்ச்சுக்கும் விருந்தில் இடம் மறுக்கப்பட்டது. நால்வரும் கையெழுத்திட்டு, வேறுபாடு காட்டக்கூடாது என்பதைச் சங்கத்தின் விதியிலேயே எழுதுங்கள் என்று கேட்டனர். அந்த மடல் ‘சயன்ஸ்’ இதழிலும் வெளிவந்தது.

‘ஒருவேளை விருந்து தவறினால் குடியா மூழ்கிவிடும்? பாடந்தானே முக்கியம்!’ என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் எந்த ஆசிரியர் பயிற்சி முகாமுக்கும் போனதில்லை என்றே கருதுகிறேன். நான் பள்ளியில் வரலாறு கற்பிப்பவன். முகாம் மேடைகளில் கேட்ட சொற்பொழிவுகளில் பெரும்பகுதி மறந்துவிட்டது. ஆனால், நிலப்படத்தை எப்படிக் கற்பித்தால் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் விளங்கும் என்று, சோற்றைப் பிசைந்தபடியே அடுத்த ஊர் ஆசிரியர் ஒருவர் சொன்னது இன்றும் கைகொடுக்கிறது. எந்தக் கல்லூரியில் இடம் காலி, எந்த அறிஞர் எந்த வினாவைக் குடைந்துகொண்டிருக்கிறார், எந்த நூல் பயன்படும், எது வெறும் பகட்டு — இவையெல்லாம் மேடையில் பேசப்படுவதில்லை, பந்தியில்தான் பேசப்படுகின்றன. பந்தியை மூடுவோர் அறிவின் பாதிக் கதவை மூடுகிறார்கள்.

அமெரிக்க அரசு ஆசிரியரின் அறிவைப் புதுப்பிக்க முனைந்த காலமும் அதுதான். 1950இல் தேசிய அறிவியல் நிறுவனம் எழுந்தது. 1953 கோடையில், கல்லூரி ஆசிரியர்க்கென அதன் முதல் இரண்டு பயிற்சிகள் நடந்தன. கணிதத்துக்குக் கொலராடோவிலும், இயற்பியலுக்கு மின்னசோட்டாவிலும். நேற்றுப் படித்த பட்டத்தை வைத்துக்கொண்டு நாளைய மாணவனுக்குப் பாடம் சொல்ல முடியாது என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டது, நல்ல காரியம். 1957 அக்டோபர் 4இல் சோவியத்து நாட்டின் ஸ்புட்னிக் வானில் ஏறியதும், இத்தகைய பயிற்சிகளுக்குப் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. மனிதர் செய்த கோள் ஒன்று விண்ணில் சுழல்வதைக் கண்ட பின்னர்தான் மண்ணிலுள்ள ஆசிரியரின் நினைவு வந்தது போலும்! கோடைப் பயிற்சி என்னும் அந்த வடிவம் 1963இல் அமெரிக்க உதவியோடு இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

பணம் பாய்ந்தது; பழி தீர்ந்ததா? 1960இல் அதே கணிதச் சங்கத்தின் கூட்டமொன்று தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பின்னாளில் அப்துலாலிம் ஷபாஸ் எனப் பெயர் பெற்றவரும், சக்சேனா என்பவரும் அட்லாண்டாப் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர் சிலரோடு வந்தனர். மற்றவர் தங்கும் இடத்தில் உங்களுக்கு இடமில்லை, கறுப்பர் வீடுகளில் போய்த் தங்குங்கள் என்றனர். வந்தவர்கள் கூட்டத்தையே உதறிவிட்டுத் திரும்பினர். நாஷ்வில் மடல் எழுதப்பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன!

இனி, இந்த வரலாற்றின் கசப்பான பக்கத்துக்கு வருவோம். டெக்சாசுப் பல்கலைக்கழகத்தில் 1920 முதல் 1969 வரை கற்பித்தவர் இராபர்ட்டு லீ மூர். நூலைப் பாராதே, பிறரைக் கேளாதே, நான் தரும் அடிப்படைகளிலிருந்து நீயே மெய்ப்பித்துக் காட்டு என்பது அவர் முறை. மாணவன் கரும்பலகை முன் நிற்பான். பிழையை மற்ற மாணவர் பிடிப்பர். ஆசிரியர் வாய் திறவார். எழுதிவைத்தவர் எவராயினும், நீயே ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொள் என்னும் இந்த முறை, பகுத்தறிவாளர் காதில் தேனாகப் பாயும். எனக்கும் பாய்ந்தது. அந்த மனிதரோ, கறுப்பின மாணவரைத் தம் வகுப்பில் சேர்க்க மறுத்தவர்! வடிவியலில் எந்த முடிவையும் மெய்ப்பிக்காமல் ஏற்காதவர், தோலின் நிறத்தைப் பற்றிய முடிவை மட்டும் மெய்ப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

1961இல் அங்கே வந்து சேர்ந்தவர் விவியன் மலோன் மேய்சு. ஃபிஸ்கில் லார்ச்சிடமும் பாய்டிடமும் படித்தவர். அதே ஆண்டு பேய்லர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து, கறுப்பர் என்பதற்காகவே தள்ளப்பட்டவர். டெக்சாசில் மூரின் வகுப்புக் கதவு மூடியே இருந்தது. திறந்திருந்த வகுப்புகளில் உடன்பயின்றோர் முகம் கொடுக்கவில்லை. நெறியாளரும் மாணவரும் காப்பி அருந்தியபடியே கணிதம் பேசும் விடுதியில் கறுப்பருக்குக் காப்பி இல்லை. எனவே அந்தக் கணிதமும் அவருக்கு இல்லை! அப்படியும் 1966இல் முனைவர் பட்டம் பெற்றார். அவரைத் தள்ளிய பேய்லரே அவரைப் பேராசிரியராக ஏற்றது. அதே 1966இல் கணிதச் சங்கம், மூரின் கற்பிக்கும் முறையைப் போற்றி ஒரு திரைப்படம் வெளியிட்டது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

தனித்து விடப்பட்டால் மாணவர்க்கு என்ன நேரும்? இதை ஆராய்ந்தவர் யூரி டிரைசுமன். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் ஏன் தோற்கிறார்கள் என்ற வினா எழுந்தது. ஊக்கமில்லை, வீட்டுச் சூழல் சரியில்லை, முன்படிப்புப் போதாது என்று ஆளுக்கொரு காரணம் கூறினர். (‘தகுதி, திறமை’ என்று நம்மூரில் ஓதப்படும் மந்திரத்தின் ஆங்கில வடிவம்!) டிரைசுமன் ஊகிக்கவில்லை, மாணவரோடு பழகிப் பார்த்தார். சீன வழி மாணவர் கூடிப் படித்தனர்; ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். கறுப்பின மாணவரும் உழைத்தனர். ஆனால் தன்னந்தனியே உழைத்தனர். கடினமான கணக்குகளைக் கூடியமர்ந்து போடும் குழுக்களை அமைத்தார், நிலைமை மாறியது. பின்னர் அவர் டெக்சாசுப் பல்கலைக்கழகத்துக்கே சென்று, கணிதக் கல்விக்காக 1991இல் டேனா மையத்தை நிறுவினார். கூடிப் பேசாதே என்று மூர் கட்டளையிட்ட அதே வளாகத்தில்!

இன்று அமெரிக்காவில், தேடிக் கற்பிக்கும் முறையைக் கல்லூரிக் கணித ஆசிரியர்க்குப் பயிற்றும் கோடைப் பட்டறைகள் நடக்கின்றன. மூரின் வழி வந்தவை என்பதை அவை மறைப்பதில்லை. ஆயினும் அவர் விலக்கியதைச் சேர்த்துக்கொண்டன. மாணவர் குழுவாய் அமர்கிறார்கள், பேசுகிறார்கள், யார் வாய் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை என்று கவனிக்கவும் ஆசிரியர் பழக்கப்படுகிறார். முறையை எடுத்துக்கொண்டு மனிதரின் நஞ்சை வடிகட்டிவிட்டார்கள் எனலாமா? முழுதும் எனச் சொல்ல நான் துணியமாட்டேன். எவர் பெயரால் ஒரு முறை வழங்குகிறதோ, அவரது குற்றத்தையும் சேர்த்தே மாணவருக்குச் சொல்வதுதான் நேர்மை என்பது என் எண்ணம்.

லார்ச் என்ன ஆனார்? வெள்ளையர் குடியிருப்பில் கறுப்பர்க்கும் இடம் கேட்டதற்காக, ஃபிஸ்குக்கு வருமுன்பே வேலை இழந்தவர் அவர். தம் மகளைக் கறுப்பர் பள்ளியில் சேர்க்க முயன்ற பின், 1955இல் ஃபிஸ்கிலும் வேலை போயிற்று. 1957இல் லிட்டில் ராக் நகரில், பள்ளிக்குச் சென்ற எலிசபெத் எக்ஃபோர்டு என்னும் கறுப்பினச் சிறுமியை வெறிக்கூட்டம் சூழ்ந்தபோது, அருகே போய்த் துணை நின்றவர் அவருடைய மனைவி கிரேசு. 1959இல் குடும்பம் கனடாவுக்குப் போயிற்று. நாஷ்வில் விருந்து நடந்து ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2007இல், அதே கணிதச் சங்கம் தன் உயர்ந்த தொண்டு விருதை லார்ச்சுக்கு அளித்தது. 2014இல் அவர் மறைந்தார்.

டெக்சாசில் கணிதத்துறை இயங்கிய பெருங்கட்டடம் நெடுங்காலம் மூரின் பெயரைத் தாங்கி நின்றது. 2020இல் அப்பெயரை நீக்கினார்கள். இன்று அது இயற்பியல், கணிதம், வானியல் கட்டடம், அவ்வளவுதான்.