ஒரு மீட்டர் இடைவெளி

எங்கள் புளோக்கின் மின்தூக்கித் தரையில் இரு பாதச் சுவடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு காலத்தில் பளிச்சென்று மஞ்சளாக இருந்தவை. இப்போது தேய்ந்து, ஒரு குதிகாலும் சில விரல்களும் மட்டும் எஞ்சியுள்ளன. 2020இல் அவை ஒட்டப்பட்டபோது மூலைக்கு ஒருவராக, சுவரைப் பார்த்தபடி, வகுப்பில் தண்டனை பெற்ற மாணவர்களைப்போல நாங்கள் நின்றோம். இன்று அவற்றை மிதித்து ஏறும் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கு அவை என்னவென்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றிற்று.

முதலில் என் சலிப்புகளைச் சொல்லிவிடுகிறேன். சர்க்யூட் பிரேக்கர் என்று பெயரிடப்பட்ட முடக்கம் 2020 ஏப்ரல் 7 தொடங்கி ஜூன் 1 வரை நீடித்தது. ஏப்ரல் 14 முதல் முகக்கவசம் கட்டாயம். விதியை மீறினால் முதல் முறை 300 வெள்ளி அபராதம். ஏப்ரல் 22 முதல் கேலாங் சிராய் உள்ளிட்ட நான்கு ஈரச்சந்தைகளில், அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, தேதிக்கேற்ப உள்ளே விட்டார்கள். என் எண் ஒற்றை, மனைவியின் எண் இரட்டை. எங்கள் வீட்டில் மீன் பார்த்து வாங்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் நான் அல்லன். ஒற்றைப்படை நாள்களில் என்ன சமைத்தோம் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

முடக்கம் தளர்ந்த பின்னரும் கணக்கு ஓயவில்லை. ஒன்றுகூடலாம் என்ற எண்ணிக்கை 2020 ஜூன் 19இல் ஐந்து, டிசம்பர் 28இல் எட்டு, 2021 மே 8இல் மீண்டும் ஐந்து, மே 16இல் இரண்டு என்று ஏறி இறங்கிற்று. உணவங்காடி மேசைகளில் பெருக்கல் குறிபோல நாடா ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் தெரியாமல் தட்டை வைத்துவிட்டு ஊழியரிடம் ஏச்சு வாங்காதவர் எவரும் இலர். ஆசிரியர்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்றிருந்தது. 2003இல் சார்ஸ் வந்தபோது மாணவர்களின் வெப்பநிலையைக் குறித்து வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. இம்முறை முகக்கவசத்துக்குள்ளிருந்து லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பிக்க நேர்ந்தது. நா எங்கே வளைகிறது என்று காட்டாமல் ழகரத்தை எப்படிச் சொல்லித்தருவது? அந்த ஆண்டுப் பிள்ளைகள் சிலர் இன்றும் 'பலம்' தின்கிறார்கள்.

இப்படி நான் முணுமுணுத்துக்கொண்டிருந்த நாள்களில்தான் என் அப்பாயியின் நினைவு வந்தது. அவர் 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய அக்கப்பலைப் பற்றி நம் குடும்பங்களில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. தொடக்கக் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. டெக் என்றால் அறையோ படுக்கையோ இல்லாத திறந்த தளம். பாயை விரித்த இடமே வீடு.

அப்பாயி சொன்ன கதையில் சிங்கப்பூர் நகரம் முதலில் வராது. ஒரு தீவுதான் வரும். 'கொரண்டித் தீவு' என்பார். சிறுவயதில் அதை ஏதோ ஓர் ஊரின் பெயர் என்றே எண்ணியிருந்தேன். குவாரண்டீன் என்ற சொல் அவர் நாவில் அப்படி ஆகிவிட்டது என்பது பின்னாளில்தான் விளங்கிற்று. கட்டியிருந்த துணியைக்கூட வாங்கி நீராவியில் போட்டார்களாம். மருந்து கலந்த நீரில் குளிக்கச் சொன்னார்களாம். எதிர்க்கரையில் விளக்குகள் தெரியும், போக முடியாது. "கப்பல்ல எங்களோட வந்த தொரைமாருங்க அன்னிக்கே வீட்டுக்குப் போயிட்டாங்கடா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார். அதில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அது செயின்ட் ஜான்ஸ் தீவு. மலாயில் புலாவ் சகிஜாங் பெண்டேரா. 1819 ஜனவரியில் ராஃபிள்ஸ் கரையிறங்குவதற்கு முன் நங்கூரமிட்டது அத்தீவுக்கு அருகில்தான். 1873இல் காலரா பரவிப் பலர் மாண்டபின், 1874இல் அங்கே தனிமைப்படுத்தும் நிலையம் அமைக்கப்பட்டது. 1930 வாக்கில் அது உலகறிந்த நிலையமாகிவிட்டது. சீனத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களும், மெக்கா சென்று திரும்பிய ஹஜ் பயணிகளும் அங்கே இறக்கிச் சோதிக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் அரசியல் கைதிகளையும் அங்கே வைத்தார்கள்; 1981இல் அதிபரான தேவன் நாயர் அவர்களுள் ஒருவர். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதலாம்.

அத்தீவில் இறக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் டெக் பயணிகளே. அறை எடுத்து வந்தவர்களை மருத்துவர் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் நகருக்குள் விட்டுவிடுவது வழக்கம். இதற்கு அக்கால அதிகாரிகள் கூறிய காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் இயலாது. நெருக்கமாகக் கிடப்பவர்களிடம் நோய் விரைந்து பரவும் என்பது மருத்துவ உண்மை. ஆனால் அவர்கள் ஆசைப்பட்டா அப்படி நெருங்கிக் கிடந்தார்கள்? தளத்தில் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக் கட்டணம் வாங்கியது ஒரு கை. நெருங்கியிருந்தீர்கள், ஆகவே தீவில் கிடங்கள் என்றது மற்றொரு கை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்கள் மண்டபம் முகாமில் பட்டதும் இதே வகைதான்.

நிற்க. 2020க்குத் திரும்புவோம்.

அந்த ஆண்டு தமிழ் ஏடுகளில் 'சமூக இடைவெளி' என்ற தொடர் எங்கும் புழங்கிற்று. தமிழாசிரியனாகிய எனக்கு அது தொடக்கம் முதலே உறுத்திற்று. மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே சமூகம் வகுத்த இடைவெளி எத்தகையது என்பதை நம் வரலாறு நன்கறியும். சேரியும் அக்கிரகாரமும் அதன் அளவுகோல்கள். உலகச் சுகாதார நிறுவனமே மார்ச் மாதத்தில் 'உடல்சார்ந்த இடைவெளி' என்று சொல்லத் தொடங்கியது. இங்கே 'பாதுகாப்பான இடைவெளி' என்றார்கள். நல்ல மாற்றம் என்று மகிழ்ந்தேன்.

ஆனால் 'சமூகம்' வேறொரு கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. நாள்தோறும் வெளியான எண்ணிக்கையில் 'சமூகத்தில் இத்தனை பேர், தங்கும் விடுதிகளில் இத்தனை பேர்' என்று பிரித்துத் தந்தார்கள். நோயியல் நோக்கில் அப்பிரிவுக்குப் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் மாலைதோறும் அதைப் படித்த நாங்கள், "சமூகத்தில் ஏழு பேர்தான்" என்று பெருமூச்சுவிட்டோம். விடுதிகளில் பல நூறு என்ற அடுத்த வரியில் கண் நிற்கவில்லை. என் கண்ணையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏப்ரல் 5 அன்று பொங்கோலில் ஒன்றும் தோ குவானில் ஒன்றுமாக இரண்டு பெரிய விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 பேர் அறையோடு அடைபட்டார்கள். இரு வாரங்களில் அந்நிலை எல்லா விடுதிகளுக்கும் வந்தது. ஓர் அறைக்குப் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை, அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை. ஒரு மீட்டர் இடைவெளி என்ற விதியை அந்த அறையில் எங்கே ஒட்டுவது? டிசம்பர் நடுவில் வெளியான கணக்கின்படி, விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 47 விழுக்காட்டினர் நோய்த்தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்றதையும் உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்ததையும் சொல்லாமல் விடுவது அறமாகாது. ஆயினும் நோய் நீங்கிய பின்பும் கதவு திறக்கவில்லை. வேலைக்கும் விடுதிக்கும் இடையே வண்டியில் போய்வருவதே அவர்கள் கண்ட சிங்கப்பூர்.

தஞ்சைப் பக்கத்துத் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம், கட்டுமானத் தொழிலாளி. கொவிட்டுக்கு முன் ஞாயிறுதோறும் தேக்காவில் சந்திப்போம். தேநீர் அருந்தியபடி ஊர்க்கதை பேசுவோம், அவ்வளவுதான். முடக்கம் தளர்ந்த ஜூன் இறுதியில் அவருடன் தொலைபேசியில் பேசினேன். எங்கள் குடும்பத்தார் ஆறு பேர், உணவகத்தில் ஐந்து பேருக்குமேல் உட்கார விடவில்லை, தனி மேசையில் நான் ஒருவனாக உட்கார்ந்தேன் என்று குறைப்பட்டேன்.

"எங்க ரூம்ல பதினாறு பேரு சார். நீங்க ஒரு நாளைக்குத் தனியா உக்காந்தீங்க, எனக்கு ஒரு நாளாவது தனியா உக்காந்தாப் போதும்" என்று சிரித்தார். கேலியாகச் சொல்லவில்லை. நான் பேச்சை மாற்றிவிட்டேன். அப்பாயி வெற்றிலை மடித்த அதே தொனி அதில் இருந்ததை அன்றிரவுதான் உணர்ந்தேன்.

அதன்பின் நாள்கள் இருவேறு நாட்காட்டிகளில் ஓடின. 2021, 2022 தைப்பூசங்களில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலுக்குச் செல்லும் பாத ஊர்வலம் இல்லை. அதற்கு நாங்கள் வருந்தினோம். ஆனாலும் முன்பதிவு செய்து கோவிலுக்குப் போய்வந்தோம். தொழிலாளர்களை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துவரும் முன்னோட்டத் திட்டமே 2021 செப்டம்பரில்தான் தொடங்கிற்று. வாரத்துக்கு 500 பேர் வரை. 2022 ஏப்ரல் 26இல் எங்களுக்குக் குழு எண்ணிக்கை வரம்பும் ஒரு மீட்டர் இடைவெளியும் நீங்கின. விடுதிவாசிகளுக்கு ஜூன் 24க்குப் பின்னும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வர அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.

அந்தச் சீட்டைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஜூலையில் ஒரு ஞாயிறு அவர் வந்தார். சிராங்கூன் சாலையில் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தேநீர்க் கடைக்கு அழைத்தேன்.

"இருங்க சார், மொதல்ல முடி வெட்டிக்கிறேன். ரெண்டு வருசமா ரூம்ல ஒருத்தருக்கொருத்தர் வெட்டிக்கிட்டது" என்று தலையைத் தடவிக் காட்டினார். முடிதிருத்தும் கடையில் அவருக்கு முன்னே பதினோரு பேர் இருந்தார்கள். நானும் உடன் நின்றேன்.