ஒரு பிரேக் ஷூவுக்கு எத்தனை பெயர்?

ஆபீசில் ஆணி அதிகம். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது. போன மாதம் வண்டியை மயூர் விஹாரில் வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டிருந்தேன். பின்சக்கரத்துக்குப் பையன் வாங்கி வந்த பிரேக் ஷூ பொருந்தவில்லை. "மாடல் மாறிடுச்சு சாப்" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினான். அரை நாள் போச்சு. வீட்டுக்கு வந்தால் தங்கமணி, "ஒரு பிரேக் ஷூ வாங்க இவ்வளவு நேரமா?" என்கிறாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபத்தைந்து வருஷக் கதை ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2009. மாற்றலாகி டெல்லிக்கு வந்த புதிது. எங்கள் கிளையின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் காஷ்மீரி கேட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர்கள். மோட்டார் உதிரி பாகங்களுக்கு நாட்டிலேயே பெரிய சந்தைகளில் ஒன்று அது. கடைக்காரர்கள் சரக்கை அடமானமாகக் காட்டி கேஷ் கிரெடிட் வாங்குவார்கள். மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தருவார்கள். அவ்வப்போது நாங்கள் குடோனுக்குப் போய்ச் சரக்கு இருக்கிறதா என்று பார்ப்போம். சரக்குக்குத் தகுந்தபடிதான் எடுக்கக்கூடிய பணம், அதாவது டிராயிங் பவர்.

அப்படி ஒரு லாலாஜியின் குடோனுக்குப் போனேன். ஸ்டேட்மென்டில் பிரேக் ஷூ மூன்று இடத்தில் வருகிறது. ஒன்று கார் கம்பெனியின் பார்ட் நம்பர். இன்னொன்று ஷூ தயாரித்த கம்பெனியின் சொந்த நம்பர். மூன்றாவது வெறுமனே "எட்டுநூறு, நயா மாடல்". முதலாவதைக் காட்டு என்றேன், பையன் ஒரு ரேக்குக்குக் கூட்டிப் போனான். இரண்டாவதைக் கேட்டேன், அதே ரேக். மூன்றாவதும் அதே ரேக். நமக்குத்தான் பி.காம். படித்த மூளையாயிற்றே! ஒரே சரக்கை மூன்று தடவை காட்டிக் கடன் வாங்குகிறார் என்று ரிப்போர்ட் எழுதிவிட்டேன். லாலாஜி, "மேனேஜர் சாப், சாமான் ஒண்ணுதான், பேர்தான் மூணு. ரேக் முழுக்க எண்ணிப் பாருங்க" என்றார். நான் எண்ணவில்லை.

லிமிட் நின்றது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம். கடைக்காரருக்கு அது எப்பேர்ப்பட்ட மூன்று வாரம் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு ஆடிட்டர் வந்து ரேக்கை முழுக்க எண்ணினார். மூன்று வரியின் கூட்டுத்தொகையும் சரியாக இருந்தது. மூன்று இடத்தில் வாங்கிய ஒரே சாமானை, அந்தந்த பில்லில் இருந்த பெயரிலேயே லாலாஜி எழுதி வைத்திருந்தார். அவ்வளவுதான். அந்தத் தீபாவளிக்கும் வழக்கம்போல எனக்கு அவர் கடையிலிருந்து சோன் பப்டி டப்பா வந்தது. அதைச் சாப்பிட முடியவில்லை.

அதற்கப்புறம்தான் இந்த நம்பர் விவகாரத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சரி, கதைக்கு வருவோம்.

கதை ஆரம்பிப்பது கார் கடையில் இல்லை, பெர்லினில். 1948 ஜூனில் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டன. மாவு, நிலக்கரி, மருந்து அத்தனையும் விமானத்தில் போக வேண்டிய நிலை. மொத்தம் சுமார் 23 லட்சம் டன் போனது. சரக்கை விட அதனுடன் வந்த காகிதம் பெரிய தலைவலி. ஒவ்வொருவர் பட்டியலும் ஒவ்வொரு வடிவத்தில், ஒவ்வொரு மொழியில். அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்டாக இருந்த எட்வர்ட் கில்பர்ட்டும் அவருடைய சகாக்களும் எல்லாச் சரக்குக்கும் ஒரே மாதிரியான பட்டியலை உருவாக்கினார்கள். டெலிபிரின்டரிலும் அனுப்பலாம், போனிலும் வாசிக்கலாம். அந்த யோசனையைப் பிற்பாடு கில்பர்ட் டூபான்ட் கம்பெனிக்கு எடுத்துப் போனார். 1968-ல் அமெரிக்காவில் ரயில், லாரி, கப்பல், விமானக் கம்பெனிகள் சேர்ந்து இதற்கென ஒரு குழு அமைத்தன. 1979-ல் எக்ஸ்12 என்ற தர நிர்ணயக் குழு வந்தது. ஈடிஐ என்று பொட்டி தட்டும் நண்பர்கள் சொல்வது இதைத்தான்.

எக்ஸ்12-ல் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு எண். ஆர்டர் 850. சரக்குக் கிளம்பிவிட்டது என்ற தகவல் 856. இன்வாய்ஸ் 810. பணம் அனுப்பும் விவரம் 820 (பேங்க்காரன் என்பதால் இந்த எண்ணின் மேல் மட்டும் எனக்குத் தனிப் பாசம்). இது தவிர 997 என்று ஒன்று உண்டு. "உங்கள் கடிதம் கிடைத்தது, வடிவம் சரியாக இருக்கிறது" என்று கம்ப்யூட்டர் அனுப்பும் ரசீது. கவனியுங்கள், வடிவம் சரி என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே கேட்டிருக்கும் சாமான் சரியா, அது உங்கள் காருக்குப் பொருந்துமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பிரச்சினை மொத்தமும் அங்கேதான் ஒளிந்திருந்தது.

கார் தயாரிப்பவர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. 1982-ல் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து ஏஐஏஜி என்ற அமைப்பை ஆரம்பித்து, சப்ளையர்களுக்குப் பொது விதிகளைக் கொண்டுவந்தன. வாங்குவதோ மூன்று பெரிய முதலாளிகள். அவர்கள் சொன்ன வடிவத்தில் அனுப்பாத சப்ளையருக்கு ஆர்டர் ஏது? நம் ஊரில் எண்பதுகளில் மைக்ர் செக் வந்த மாதிரிதான். ரிசர்வ் வங்கி சொன்னது, எல்லா வங்கிகளும் கேட்டுக்கொண்டன.

ஆனால் கார் விற்ற பிறகு நடக்கும் வியாபாரம், ஆப்டர்மார்க்கெட், வேறு உலகம். அங்கே ஆயிரக்கணக்கான தயாரிப்பாளர்கள். அவர்களிடமிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து ஜாபர் என்று அமெரிக்காவில் சொல்லும் கடைக்காரர், அவரிடமிருந்து மெக்கானிக். யாருக்கும் யாரும் முதலாளி இல்லை. கட்டளையிட ஆளில்லாத இடத்தில் தரம் எப்படி வரும்? சங்கம் கூடிப் பேசித்தான் வர வேண்டும். 1904-லேயே ஆரம்பித்த எம்இஎம்ஏ என்ற தயாரிப்பாளர் சங்கம் 1980-களில் ட்ரான்ஸ்நெட் என்று ஒரு வலைப்பின்னல் நடத்தியது. மொத்த வியாபாரியின் ஆர்டர் அதன் வழியாகத் தயாரிப்பாளருக்கு நேரே போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆர்டர் போட முதலில் சரியான நம்பர் தெரிய வேண்டுமே!

அந்த நம்பர் காகிதக் கேட்லாகில் இருந்தது. அமெரிக்கக் கடைகளில் கவுன்டர் நீளத்துக்கு ரேக் போட்டுத் தடித்தடியாகக் கேட்லாக் மாட்டியிருப்பார்கள். வருஷம், கம்பெனி, மாடல், இஞ்சின் என்று விரலால் தடவிக்கொண்டே போய், அடிக்குறிப்பைப் படித்து (அடிக்குறிப்பில்தான் எல்லா வில்லங்கமும்), நம்பரைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு 1972-ல் தொடங்கிய ட்ரையட் போன்ற கம்பெனிகள் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் விற்றன, கேட்லாகையும் உள்ளே ஏற்றின. ஏற்றியவர்கள் ஆளுக்கு ஒரு குறியீடு வைத்துக்கொண்டார்கள். ஒருவர் கணக்கில் செவர்லே, இன்னொருவர் கணக்கில் செவி. தயாரிப்பாளர் ஒரே கேட்லாகை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்வார்கள். சாமான் கடைக்கு வந்திருக்கும், அதன் நம்பர் திரைக்கு வந்திருக்காது. தப்பான சாமான் திரும்பி வரும் செலவு கடைக்காரர், மொத்த வியாபாரி, தயாரிப்பாளர் மூவர் தலையிலும் விழும். நான் எழுதிய ரிப்போர்ட்டைப் போலவே, யாரும் ஏமாற்றாமலே கணக்கு உதைக்கும்.

1999-ல் இரண்டு சங்கங்கள் இணைந்து ஏஏஐஏ ஆனது (2014 முதல் ஆட்டோ கேர் அசோசியேஷன்). 2000-களில் அது ஏசஸ், பைஸ் என்று இரண்டு தரங்களைக் கொண்டுவந்தது. பைஸ் சாமானைப் பற்றியது. எடை, அளவு, பெட்டிக்கு எத்தனை, விலை. ஏசஸ்தான் சுவாரஸ்யம். அது பொருத்தத்தைப் பற்றியது. அமெரிக்காவில் ஓடும் கார்களுக்கெல்லாம் ஒரு பொது அட்டவணை. வருஷம், கம்பெனி, மாடல் மூன்றும் சேர்ந்தால் ஒரே ஒரு எண். சாமான்களின் பெயர்களுக்கு இன்னொரு அட்டவணை. பிரேக் ஷூவை நீங்கள் எப்படி அழைத்தாலும் அங்கே ஒரே எண்தான். முன்னா பின்னா, இடதா வலதா என்பதற்கும் எண். "ஏபிஎஸ் இருந்தால் மட்டும்" என்று ஆளுக்கு ஆள் வேறு வேறு மாதிரி எழுதிய அடிக்குறிப்புகளுக்குக்கூட எண் கொடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் கெட்டிக்காரத்தனம் அந்த அடிக்குறிப்பு அட்டவணைதான்.

வேலை அதோடு முடிவதில்லை. புதுக் கார் வந்துகொண்டே இருக்கும், அட்டவணையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்துபவர்கள் சந்தா கட்ட வேண்டும். ஐரோப்பாவில் கதை வேறு. 1994-ல் கொலோனில் ஆரம்பித்த டெக்டாக், கே-டைப் என்ற வேறொரு எண்ணால் வண்டிகளை அடையாளம் காட்டுகிறது. இரண்டு பக்கமும் விற்பவர் இரண்டு பட்டியல் தயாரிக்க வேண்டியதுதான்.

நம் ஊருக்கு வருவோம். மாருதி 800 1983 டிசம்பரில் வந்தது, 1986-ல் உடம்பையே மாற்றிக்கொண்டது. பெயர் மட்டும் அதே 800. லாலாஜியின் "நயா மாடல்" பிறந்தது அப்படித்தான். 2020 அக்டோபர் 1 முதல் பெரிய கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் வந்துவிட்டது. நாடு முழுக்க இன்வாய்ஸுக்கு ஒரே வடிவம். சாதாரண விஷயமில்லை. கட்டளையிட அரசாங்கம் இருந்தது, நடந்தது. ஆனால் அதில் பிரேக் சாமானுக்கு எழுதும் எச்எஸ்என் 8708 30, எந்தக் காரின் பிரேக் என்று சொல்லாது. வரி போட அது தேவையில்லை. மெக்கானிக் பையனுக்குத்தான் தேவை.

பையன் இரண்டாம் தடவையும் தப்பாக வாங்கி வந்ததும், ஆர்சி புத்தகத்தை எடுத்துக்கொண்டு மெட்ரோ பிடித்து நானே காஷ்மீரி கேட் போனேன். கால் தானாக அந்தக் கடைக்குத்தான் போயிற்று. லாலாஜி இப்போது கடைக்கு வருவதில்லையாம், முழங்கால் வலி. மகன் உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார், திரையைப் பார்த்தபடியே உள்ளே குரல் கொடுத்தார். சரியான ஷூ வந்தது.

திரையை எட்டிப் பார்த்தேன். ஒரே வரியில் மூன்று நம்பர், பக்கத்தில் ஹிந்தியில் ஒரு பெயர். "இது கம்பெனி சாஃப்ட்வேரா?" என்று கேட்டேன். "இல்லை சாப், அப்பா கையால் எழுதி வைத்த நோட்டிலிருந்து ஏற்றியது. எந்த நம்பருக்கு எந்த நம்பர் சமம் என்று இரண்டு வருஷம் ராத்திரி உட்கார்ந்து எழுதினார். ஒரு தீபாவளிக்கு பேங்கில் ஏதோ தகராறு ஆயிற்றாம், அதிலிருந்து ஆரம்பித்தது" என்றார்.

பில்லை வாங்கிக்கொண்டு, லாலாஜியின் வீட்டு விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.