தக்காணத்துப் பருத்தியும் கடன் பத்திரமும்

புனேயிலிருந்து தென்கிழக்கே பாராமதிப் பகுதியில் சுபே என்னும் சந்தையூர் உள்ளது. 1875ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் சுற்றுப்புறக் குடியானவர்கள் இங்கே திரண்டு, லேவாதேவிக்காரர்களின் கணக்கேடுகளையும் கடன் பத்திரங்களையும் பறித்துத் தீயிலிட்டனர். தானியக் கடைகள் சூறையாடப்பட்டன; சில வீடுகளும் எரிந்தன. இங்கிலாந்தின் ஆலைப் புகைக்கும் இந்தத் தீக்கும் உள்ள தொடர்பைச் சிறிது ஆராய்வோம்.

இயந்திரத் தொழில் பெருகிய பிரிட்டன், தன் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் முக்கால் பங்கை அமெரிக்காவிலிருந்து பெற்றுவந்தது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டில் இருபது லட்சம் பொதிகளுக்கு மேல் வந்த அமெரிக்கப் பஞ்சு, மறு ஆண்டில் 55,000 பொதிகளாகச் சுருங்கிற்று. லங்காஷயரின் பார்வை நம் நாட்டின்மேல் திரும்பியது. ரயில் பாதையோ 1858லேயே புனேயை எட்டியிருந்தது. பம்பாய் ஏற்றுமதி வணிகர் ஊர்ச் சவுக்காருக்கு முன்பணம் அளித்தனர். அவர் குடியானவனுக்கு அளித்தார். பருத்தி விதைத்த ஏக்கருக்கு நூறு ரூபாய் வரை முன்பணம் கிடைத்ததுண்டு. (சவுக்கார் என்ற சொல் நமக்கும் பழக்கமானதே, சென்னையில் ஒரு பேட்டையே அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.)

1865இல் போர் ஓய்ந்தது. அமெரிக்கப் பஞ்சு மீண்டும் கப்பலேறியது. இங்கே விலை சரிந்தது. சவுக்கார் கையை மூடிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்தா சர்க்கார் நிலத்தீர்வையைத் திருத்த வேண்டும்? புதிய தீர்வை பல இடங்களில் பழையதைவிட 50 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்தது. குடியானவனிடம் நேரே தீர்வை வாங்கும் இந்த ரயத்துவாரி முறை, சேலம், தருமபுரி அடங்கிய பாரமகாலில் 1792க்குப் பின் ரீடும் மன்றோவும் கையாண்ட முறையின் வழிவந்ததே.

சட்டமும் ஒரு வகையில் எதிராயிற்று. கடன் பத்திரம் மூன்றாண்டுகளே செல்லும் என்று 1859இல் விதித்தனர். வட்டி குவியாமல் தடுப்பதே நோக்கம். சவுக்காரோ மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப் பத்திரம் எழுதி வாங்கி, நின்ற வட்டியை முதலோடு சேர்த்தார். ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என வைத்துக்கொள்வோம்: நூறு ரூபாய் மூன்றாண்டில் 172 ஆகும், அதையே முதலாக்கி எழுதினால் ஆறாம் ஆண்டில் ஏறத்தாழ 296 ஆகும். எழுத்தறியாதவன் கைநாட்டு வைத்தான். கட்டிய தொகைக்கு ரசீதும் பெறவில்லை. கலகத்தில் ஆட்களைவிடக் காகிதமே முதல் இலக்கானதன் காரணம் இதுவே.

கலகம் அகமத்நகர் வரை பரவி, முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களைத் தொட்டது; 951 பேர் கைதாயினர். விசாரணைக் கமிஷன், குற்றம் சவுக்காருடையது, தீர்வையினுடையது அன்று என்றது. இது பாதி உண்மை என்பதே நம் கருத்து. 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது. பத்திரத்தில் எழுதியதோடு நில்லாமல், கடனின் முழு வரலாற்றையும் கோர்ட்டு ஆராயலாம் என்றாயிற்று. கிராமப் பதிவாளர் முன்னிலையில் பத்திரம் எழுதும் ஏற்பாடும் வந்தது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சிய சவுக்கார் கடன் கொடுப்பதையே குறைத்தார். அடமானமாக எழுத வேண்டிய நிலத்தை விற்பனைப் பத்திரமாகவே எழுதி வாங்கும் வழக்கமும் பெருகிற்று.