தோட்டத் தமிழரின் முதுமையும் மறதிநோய்ப் பராமரிப்பும்: டுரியான் துங்கால் வட்டாரம்

டுரியான் துங்கால் மலாக்கா மாநிலம் அலோர் காஜா மாவட்டத்துச் சிற்றூர். இன்று அணைக்கட்டுக்காகவும் யூடெம் பல்கலைக்கழகத்துக்காகவும் அறியப்படுகிறது. அதைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் முதுமை எய்தியபோது அவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள், நினைவு தடுமாறியவர்கள் என்ன ஆனார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மலாயாவின் வணிக ரப்பர் பயிர் தொடங்கிய மாநிலம் மலாக்கா. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார்; பிறகு புக்கிட் அசஹானில் பெருமளவில் பயிரிட்டார். அந்த மரங்களில் பால்வெட்டத் தமிழகத்திலிருந்து ஆட்கள், ஆள்சேர்க்கும் கங்காணிகள் மூலமாக வந்தார்கள். 1907இல் உருவான குடியேற்ற நிதி இந்த வரவைச் சீர்ப்படுத்தியது. தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியே அதன் வருமானம். 1920களின் தொழிலாளர் சட்டங்கள் லயம் எனும் வரிசை வீடு, மருத்துவம், குழந்தைகளுக்கு ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தோட்டத்தின் பொறுப்பாக்கின. முதியவருக்கென்று அப்படியோர் ஏற்பாடு இல்லை. மறந்து விடுபட்டதல்ல இது. வேலைக்கு உதவாமல் போன உடலைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவதே திட்டம். அந்தச் செலவும் அதே நிதியிலிருந்துதான் போனது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது இளையவர்களும் இலட்சக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று ஓடிய ரஜூலா கப்பலை மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பேசுகின்றன. முதியவர்களுக்கு அது பெரும்பாலும் ஒருவழிப் பயணமாகவே இருந்திருக்கும்.

1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. போர் வந்தது, பிறகு 1957இல் சுதந்திரம். அதற்குள் தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே மூப்படைந்த தலைமுறை உருவாகிவிட்டது. இவர்களுக்குத் திரும்பிப்போக ஊர் இல்லை. 1951இல் சட்டமான ஊழியர் சேமநிதி 55 வயதில் ஒரு மொத்தத் தொகையைக் கையில் கொடுத்தது. நாள்கூலியில் சேர்ந்த பணம் என்பதால் பெரிதாக இருக்காது; மகளின் கல்யாணமோ பழைய கடனோ அதை விழுங்கிவிடும். 1969இல் வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாத பல்லாயிரவர் இந்தியாவுக்கே போனார்கள். பழைய கப்பல் ஏற்பாடு வேறு பெயரில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

தங்கியவர்களை லயம் பார்த்துக்கொண்டது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. தாத்தா ஓய்வுபெற்றபின் மகனோ மருமகளோ பெரட்டு எனும் விடியற்கால ஆள்கணக்குக்குப் போனால்தான் குடும்பத்துக்குக் கூரை. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் டிரசர் இருந்தார். இவருடைய பணியை 1965ஆம் ஆண்டு தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் முறைப்படுத்தியது. மறதிக்கு அவரிடம் மருந்து இல்லை. ‘வயசான கோளாறு’ என்று விட்டுவிடுவார்கள். முற்றினால் காத்துக்கருப்பு என்று கோயில் பூசாரியிடம் போவார்கள். ஆனால் விடியுமுன் எழுந்து, இல்லாத வேலைக்குப் பால் சுமக்கும் காண்டா வாளியைத் தேடும் பாட்டியை வழியில் பார்ப்பவர் எவரும் யார் வீட்டுப் பாட்டி என்று அறிந்திருந்தார்; கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் திறந்த ஹோக்வேய்க் என்ற மறதிநோயாளர் கிராமம் பெருஞ்செலவில் செய்துகாட்டியது ஏறக்குறைய இதைத்தான்: பழகிய இடம், தடையில்லாத நடை, கவனிக்கும் கண்கள். ஆனாலும் லயத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஓட்டைக் கூரையும் பொதுக் கழிப்பறையும் கள்ளுக்கடையும் அதே லயத்தில்தான் இருந்தன. பார்த்துக்கொண்ட ‘கண்கள்’ பெரும்பாலும் கூலியில்லாத மருமகள்களுடையவை.

ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்பானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின் குடும்பங்கள் தாமான் எனும் மலிவுவிலைக் குடியிருப்புகளுக்கு நகர்ந்தன. பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போக, பகலெல்லாம் கதவு சாத்திய வீட்டில் முதியவர் தனியே இருக்கும் நிலை வந்தது. அப்போதுதான் ‘இல்லம்’ என்ற பேச்சே குடும்பத்துக்குள் நுழைந்தது, அதுவும் குரலைத் தாழ்த்தி.

அரசின் பக்கம் 1946இல் அமைந்த சமூகநல இலாகா முதியோர் இல்லங்களை நடத்துகிறது. ரூமா ஸ்ரீ கெனாங்கான் எனப்படும் இவற்றில் ஒன்று மலாக்காவின் செங் பகுதியில், டுரியான் துங்காலுக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. தனியாரும் அறநிலையங்களும் நடத்தும் இல்லங்கள் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிய வேண்டும். நால்வரோ அதற்கு மேலோ தங்கினால் அது உறைவிட மையம். குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கான சட்டம் 1984இலேயே வந்துவிட்டது. குழந்தை முதலில், முதியவர் பிறகு என்ற ஆயாக்கொட்டகைக் காலத்து வரிசை மாறவில்லை. தாதிமை இல்லங்களை 1998ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவச் சட்டம் தனியாக ஆள்கிறது. இரண்டையும் இணைக்கும் தனியார் முதியோர் நலச் சட்டம் 2018இல் அரசிதழில் வெளியானது. நடைமுறைக்கு வருவதுதான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 

மறதிநோய்க்கான தனிக் கவனிப்பு இன்னும் புதியது. அல்சைமர் என்ற மருத்துவர் 1906இல் விவரித்த நோய்க்கு மலேசியாவில் ஓர் அறக்கட்டளை 1990களில்தான் பெட்டாலிங் ஜெயாவில் உருவானது. 2018ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்றது. பள்ளிக்குப் போகாதவர்களிடமும் கிராமப்புறத்தவரிடமும் விகிதம் கூடுதல். எழுத்தறிவு குறைந்த ஆப்பிரிக்க முதியவர்களுக்காக உருவான ஐடியா என்ற சோதனையை அந்த ஆய்வு பயன்படுத்தியது. தோட்டத்து முதியவர்களுக்கும் பொருந்தும் தெரிவு. சம்பள நாளையும் தீமிதித் திருவிழாவையும் வைத்து ஆண்டைக் கணக்கிட்டவரிடம் தேதி கேட்டு மதிப்பெண் போட்டால் நோயும் தெரியாது, மனிதரும் தெரியமாட்டார். நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முன்னதாக நழுவும். கடைத்தெருவில் சரளமாக மலாய் பேசிய அம்மாள் தமிழுக்குள் சுருங்கிவிடுவார். தமிழ் தெரியாத பணியாளருக்கு அவர் ‘அடம்பிடிக்கும் நோயாளி’. தமிழ் பேசும் ஒருவர், கையால் உண்ணச் சோறும் ரசமும், பால்வெட்டும் உளியைப் பற்றிப் பேச்சுக்கொடுக்கத் தெரிந்த ஒரு துணை: மாத்திரைகளைவிட இவை பயன் தரும் நாள்கள் உண்டு.

செங் போன்ற இல்லத்தில் சேர 60 வயது நிறைந்திருக்க வேண்டும், வாரிசு இருக்கக் கூடாது, தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிய வேண்டும். முடியாத ஆதரவற்றவர்களுக்கான ரூமா ஏசான் கோலகுபு பாருவிலும் டுங்குனிலும்தான் உள்ளது. வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கான நலத்துறைப் பராமரிப்பு உதவித்தொகையோ படுத்த படுக்கையானவர்களுக்கு உரியது. நன்றாக நடக்கும், ஆனால் வீட்டுக்கு வழி தெரியாத முதியவர் இந்த விதிகளில் எதற்குள்ளும் அடங்குவதில்லை.